சுருக்கெழுத்தும் பேச்சுத் தமிழும்

சுருக்கெழுத்தைத் தட்டச்சோடு சேர்த்தெண்ணப்படும் அலுவலகத் திறனாகவே நாம் கருதி வந்துள்ளோம். செய்தி எழுத்திலும், ஏன், இலக்கியத்திலும் அதற்குள்ள பங்கினை அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஆங்கில நாவலாசிரியர் சாள்ஸ் டிக்கின்ஸ் 1830களில் பாராளுமன்ற நிருபராகப் பணியாற்றியவர். கேர்ணி முறைச் சுருக்கெழுத்தை அவர் இளமையிலே பெருமுயற்சியுடன் கற்றார். 1849-50இல் தொடராக வெளிவந்த 'டேவிட் கொப்பர்பீல்ட்' நாவலின் நாயகனும் அதே பாடுபடுகின்றான். டிக்கின்ஸின் பாத்திரங்கள் தத்தம் பேச்சினால் இனங்காணப்படுவதற்கு, பிறர் பேச்சைச் சொல்லுக்குச் சொல் எழுதிய இப்பயிற்சியும் துணைசெய்திருக்கும் எனலாம்.

1837இல் ஐசாக் பிற்மன் வெளியிட்ட முறை எழுத்துக்கூட்டலைக் கைவிட்டு ஒலியைத் தழுவியது. ஒலிப்பிலா ஒலிக்கு மெல்லிய கோடு. அதன் இணையான ஒலிப்புடை ஒலிக்குத் தடித்த கோடு. தமிழிலோ 'பல்', 'தம்பி' என்பவற்றில் பகரம் இருவகையாக ஒலிப்பினும், அவ்வேறுபாடு சொல்லில் அது நிற்கும் இடத்தாலேயே பெறப்படும். கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கண நூலில் இதனை விளக்கியுள்ளார். ஆகவே, பிறமொழிச் சொற்களும் பெயர்களும் நீங்கலாக, தடிப்பு வேறுபாடு நமக்கு மிகையே. மாறாக, லகர, ழகர, ளகரங்களைப் பிரித்துக் காட்டும் குறிகள் இன்றியமையாதன.

1968இல் ஜேம்ஸ் ஹில் வகுத்த ரீலைன் முறை பிரித்தானியப் பத்திரிகையாளரிடையே பரவியது. சொல்லின் இடைநிற்கும் உயிர்களைப் பெரும்பாலும் நீக்குவது அதன் இயல்பு. அதனை அப்படியே தமிழுக்குக் கொள்ளின் 'கண்டேன்', 'கண்டான்' இரண்டும் ஒன்றாகிவிடும். சாட்சி யாரென்பதே மாறிவிடும். இரவல் பெறும் முறை எதனையும் மொழியின் இயல்பு நோக்கியே ஏற்றல் வேண்டும்.

இதனினும் பாரதூரமான பிரச்சினை ஒன்றுண்டு. நம் மக்கள் பேசுவது ஒரு தமிழ். பத்திரிகை எழுதுவது வேறொரு தமிழ். "உழைக்கிற காசு அரிசிக்கே காணாது" என ஒரு தொழிலாளி கூறுவதாகக் கொள்வோம். "வருமானம் போதுமானதன்று எனத் தெரிவித்தார்" என்று நிருபர் எழுதுகின்றார். பொருள் பிழையன்று. எனினும் அரிசி போய்விட்டது. அதனோடு பசியும் போய்விட்டது. மேடையில் நிற்போரின் சொற்கள் மேற்கோட் குறிகளுக்குள் அமர, உழைப்போரின் சொற்கள் சுருக்கமாகக் கரைந்துவிடுகின்றன. எவருடைய வாய்மொழி காக்கப்படத் தக்கது என்ற வர்க்கத் தீர்ப்பு, அச்சுக்கு முன்னரே குறிப்பேட்டில் எழுதப்பட்டுவிடுகின்றது.

இன்று கைத்தொலைபேசியே குரலைப் பதிகின்றது. இனிச் சுருக்கெழுத்து எதற்கு எனச் சிலர் வினவலாம். கருவி அனைத்தையும் பதியுமேயன்றித் தேர்ந்தெடுப்பதில்லை. எதை அச்சேற்றுவது என்பது இன்றும் நிருபரின் பொறுப்பே. எனவே பேசியவரின் சொல்லைப் பேசியவாறே குறித்தல், தம் சுருக்கத்தினின்றும் அதனைத் தனிக்குறியாற் பிரித்தல், நினைவு மங்குமுன் அன்றே விரித்தெழுதுதல் ஆகிய மூன்றையும் பத்திரிகைப் பயிற்சியின் முதற் பாடமாக்குதல் வேண்டும். வேகம் அதன் பின்னர் வரட்டும்.