அவையின் குரல்: ‘சாபதோ ஹிகாந்தே’ தொலைக்காட்சி நிகழ்ச்சியில் கூட்டடையாளமும் அதன் விலையும்

ஆய்வுச்சுருக்கம்

சிலி நாட்டின் சாந்தியாகோ நகரில் 1962இல் தொடங்கி, அமெரிக்காவின் மயாமி நகரில் 2015இல் நிறைவுற்ற ‘சாபதோ ஹிகாந்தே’, ஸ்பானிய மொழியில் அமைந்த பல்சுவைத் தொலைக்காட்சி நிகழ்ச்சி. ஐம்பத்து மூன்று ஆண்டுகள் ஒரே தொகுப்பாளரின் தலைமையில் நடந்த இந்நிகழ்ச்சியின் நெடுவாழ்வுக்கு ஆடல் பாடல்களும் பரிசுகளும் மட்டும் காரணமல்ல. பொதுவாழ்வில் குரலற்றிருந்த மக்களை அரங்கில் குரல்கொடுக்கச் செய்த அவையமைப்பே முதன்மைக் காரணம் என்பது இக்கட்டுரையின் கருதுகோள். அக்குரலுக்கு மெய்யான ஆற்றல் எவ்வளவு இருந்தது என்பதும் இங்கு ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: பல்சுவை நிகழ்ச்சி, அவை, புலம்பெயர்வு, நகை, விளம்பரம், கூட்டடையாளம்.

முன்னுரை

வெகுசனத் தொலைக்காட்சியை மதிப்பிடுவோர் பெரும்பாலும் இரு நிலைப்பாடுகளுள் ஒன்றை மேற்கொள்கின்றனர். மக்களை மயக்கும் மலிவான கேளிக்கை என்று அதனைத் தள்ளுவது ஒன்று. மக்கள் விரும்புவதாலேயே அது மக்கள் கலை என்று போற்றுவது மற்றொன்று. ‘மாபெருஞ் சனிக்கிழமை’ என்று பொருள்படும் ‘சாபதோ ஹிகாந்தே’ இவ்விரு நிலைப்பாடுகளுக்கும் அடங்குவதில்லை. பாட்டு, நகைச்சுவை, போட்டி, நேர்காணல், பயணக் காட்சி, விளம்பரம் ஆகிய அனைத்தும் ஒரே மாலையில் அடுத்தடுத்து வந்த இந்நிகழ்ச்சி, உலகின் மிக நீண்டகாலப் பல்சுவைத் தொலைக்காட்சி நிகழ்ச்சியாகக் கின்னஸ் பதிவில் இடம்பெற்றது. அதன் உள்ளடக்கத்தைக் காட்டிலும், அவையோருக்கு அது வகுத்தளித்த இடமே கருதத்தக்கது.

தோற்றமும் தொகுப்பாளரும்

சிலியில் தொலைக்காட்சி தனியார் தொழிலாகவன்றிப் பல்கலைக்கழகங்களின் பொறுப்பில் தோன்றியது. 1962ஆம் ஆண்டு உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டி அந்நாட்டில் நடைபெற்றபோது தொலைக்காட்சிப் பெட்டிகள் பரவலாயின. அதே ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தின் 13ஆம் அலைவரிசையில் ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சியாக இது தொடங்கிப் பின்னர்ச் சனிக்கிழமைக்கு மாறியது.

இதனை நடத்திய மாரியோ குரூட்ஸ்பெர்கர், செருமனியிலிருந்து அகதிகளாக வந்த யூதப் பெற்றோருக்கு 1940இல் தால்கா நகரில் பிறந்தவர். தையற்கலை பயில நியூயார்க் சென்றபோது கண்ட அமெரிக்கத் தொலைக்காட்சி அவரை இத்துறைக்கு ஈர்த்தது. அவர் உலகறியப் பெற்ற ‘டான் பிரான்சிஸ்கோ’ என்னும் பெயர், இளமையில் யூத மன்ற மேடையில் அவர் ஏற்ற செருமானியக் குடியேறி ஒருவரின் நகைச்சுவை வேடத்திலிருந்து வந்தது. அயல்மொழித் தொனியோடு பேசும் குடியேறியைப் பார்த்து மற்றவர் சிரிப்பதிலிருந்தே இக்கலைஞரின் பெயர் பிறந்தது. பின்னாளில் குடியேறிகளே நிறைந்த அவையின் முன் அவர் நின்றார் என்பதை எண்ணும்போது இச்செய்தி முதன்மை பெறுகிறது.

வாக்கற்ற அவைகள்

இந்நிகழ்ச்சியின் வரலாற்றில் இரு காலகட்டங்கள் ஒப்பிடத்தக்கன. முதலாவது, 1973 செப்டம்பரில் சிலியில் நிகழ்ந்த படைப்புரட்சிக்குப் பிந்தைய காலம். நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது, பல்கலைக்கழகங்களுக்குத் தலைவர்களைப் படையாட்சியே அமர்த்தியது, ஆகவே அவற்றின் தொலைக்காட்சிகளும் அதன் பிடிக்குள் வந்தன. 1990இல் மக்களாட்சி மீளும்வரை இந்நிகழ்ச்சி சனிக்கிழமைதோறும் தொடர்ந்தது. இரண்டாவது, 1986 ஏப்ரலில் மயாமியிலிருந்து அமெரிக்க ஸ்பானிய மொழி வலையமைப்பின் வழியாக ஒளிபரப்பு தொடங்கிய காலம். அவ்வலையமைப்பு மறு ஆண்டு ‘யூனிவிஷன்’ என்று பெயர் பெற்றது. சில ஆண்டுகள் தொகுப்பாளர் இரு நாடுகளுக்கும் இடையே பறந்து இரு பதிப்புகளையும் நடத்தினார்.

முதற்காலத்து அவையினர் சொந்த நாட்டிலேயே நாடாளுமன்றத் தேர்தலை இழந்தவர்கள். இரண்டாம் காலத்தில் வீடுகளிலிருந்து பார்த்தோருள் பலர் குடியுரிமையோ தங்குவதற்கான ஆவணமோ இல்லாதவர்கள். 1986 நவம்பரில் நிறைவேறிய குடியேற்றச் சீர்திருத்தச் சட்டத்தால் சட்டநிலை பெற்றோர் ஏறத்தாழ 27 லட்சம் பேர் என்பதே அந்நிலையின் பரப்பை உணர்த்தும். ஆக, இரு காலங்களிலும் இந்நிகழ்ச்சி வாக்கற்றோரை நோக்கிப் பேசியது.

‘நாம்’ உருவான முறை

அமெரிக்காவில் ஸ்பானியம் பேசுவோர் அப்போது ஒரே சமூகமாகத் தம்மை உணர்ந்திருக்கவில்லை. மேற்கிலும் தென்மேற்கிலும் மெக்சிகோ வழியினர், நியூயார்க்கில் புவேர்ட்டோ ரிக்கோவினர், மயாமியில் கியூபாவினர் எனப் பிரிந்து வாழ்ந்தனர். குடிக்கணக்கெடுப்பில் ஹிஸ்பானிய அடையாளம் பற்றிய வினா நாடு முழுவதும் அனைவரிடமும் கேட்கப்பட்டதே 1980இல்தான். அவ்வாண்டு 1 கோடியே 46 லட்சமாக இருந்த அவர்களது தொகை 2010இல் 5 கோடியே 5 லட்சமாயிற்று.

இம்முப்பெரும் பிரிவுகளுள் எதனையும் சாராத சிலி நாட்டவர் நடுவில் நின்றது நிகழ்ச்சிக்கு வாய்ப்பாக அமைந்தது. அவர் எவருக்கும் சொந்த ஊரார் அல்லர். ஆகவே எவருக்கும் மாற்றூராரும் அல்லர். பல நாடுகளுக்குச் சென்று படம்பிடித்த பயணப் பகுதி, ஊர் திரும்ப இயலாதோருக்கு ஊரைக் காட்டியது. பிரிந்த உறவினரை மேடையில் இணைத்த காட்சிகள் அவர்தம் வாழ்வின் ஆழ்ந்த துயரத்தைத் தொட்டன. ஆங்கிலத் தொலைக்காட்சி கண்டுகொள்ளாத முகங்கள் ஒவ்வொரு வாரமும் அரங்கில் தோன்றின. குறைகள் எவையாயினும் இந்த ஏற்பு மெய்யானது.

எக்காளமும் நகையும்

நிகழ்ச்சியின் இயல்பை மிகத் தெளிவாகக் காட்டுவது பயிற்சியற்ற பாடகர்களுக்கான போட்டி. பாடல் சரியில்லையெனில் முகமூடியணிந்த ‘எக்காள நரி’ எக்காளத்தை ஊதுவார்; தொகுப்பாளர் அவையை நோக்குவார்; அவை ‘வெளியே’ என்று ஒரே குரலில் முழங்கும். பாடியவர் சிரித்தபடி விலகுவார்.

நகை என்னும் மெய்ப்பாடு எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கின்வழிப் பிறக்கும் என்பது தொல்காப்பியக் கொள்கை. இப்போட்டியில் பாடுவோரின் பேதைமை நகைக்கு முதற்பொருளாகிறது. அவையின் முழக்கம் அதனை எள்ளலாக மாற்றுகிறது. எள்ளுவோரும் எள்ளப்படுவோரும் ஒரே மக்கள் என்பதால் இந்நகையின் கூர்மை குறைகிறது. இன்று முழங்கியவர் மறுவாரம் மேடையேறலாம். அயலார் நகைப்பதற்கும் தம்மவர் நகைப்பதற்கும் உள்ள வேறுபாடு குடியேறிகளுக்கு நன்கு தெரியும்.

ஆயினும், இவ்விடத்தில் அவைக்கு உண்டான ஆற்றலின் எல்லையும் புலப்படுகிறது. தீர்ப்பை அறிவிக்கும் எக்காளம் முகமூடியணிந்தவர் கையில் உள்ளது. அவை அத்தீர்ப்பை வழிமொழிகிறது. வாக்களிக்க இயலாத மக்களுக்குத் தீர்ப்பளிக்கும் இன்பம் வழங்கப்படுகிறது. தீர்ப்பின் உரிமை வழங்கப்படவில்லை. படையாட்சிக் காலத்துச் சிலியில் இக்காட்சியைக் கண்டு மக்கள் மகிழ்ந்து முழங்கினர் என்பதை நினைக்கும்போது, கேளிக்கை ஆறுதலாகவும் மாற்றாகவும் ஒருங்கே இயங்கியது விளங்கும்.

விற்பனையும் பெண்ணுடலும்

விளம்பரம் இந்நிகழ்ச்சியில் இடைவேளையாக வரவில்லை. நிறுவனங்களின் விளம்பரப் பாடல்களை அவையினரே கைதட்டிப் பாடினர். பிறரால் பொருட்படுத்தப்படாதோர் நுகர்வோராக மதிக்கப்பட்டனர். அம்மதிப்பு வாங்கும் ஆற்றலைச் சார்ந்தது; எனினும் கூட்டடையாளத்திற்கு அடித்தளமிட்டதில் அதற்கும் பங்குண்டு.

பெண்களைக் காட்டிய முறையை இவ்வாறு சமன்செய்து மதிப்பிட இயலாது. அரைகுறை ஆடையில் அணிவகுத்த விளம்பரப் பெண்டிரும், உடலுறுப்பின் அழகை மதிப்பிட்ட போட்டிகளும் நிகழ்ச்சியின் நிலையான கூறுகளாயின. பாடத் தெரியாதவர் தாமே முன்வந்து நகைப்பை ஏற்றார்; தம் குரலால் விடையும் அளித்தார். இப்பெண்களுக்கோ பேசும் வாய்ப்பு அரிது. குடும்பத்தோடு காணும் நிகழ்ச்சி என்ற பெயரில் இது தொடர்ந்தமையால், இல்லத்தின் நடுவிலேயே இப்பார்வை இயல்பானதாக ஏற்கப்பட்டது. காலத்தின் இயல்பு என்று இதனைக் கடந்துவிட முடியாது. ‘நாம்’ என்னும் அவையில் யார் பேசினர், யார் காட்சிப்பொருளாயினர் என்னும் வினாவுக்கு இதுவே விடை.

முடிவுரை

2000ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலின்போது போட்டியாளர்களான ஜார்ஜ் புஷ், அல் கோர் ஆகிய இருவரும் இந்நிகழ்ச்சிக்கு வந்தனர். அரங்கிற்குள் மட்டுமே ஒலித்த அவையின் குரல், அரங்கிற்கு வெளியேயும் எண்ணப்படும் வாக்காக மாறத் தொடங்கியதை அவ்வருகை உணர்த்தியது. அம்மாற்றத்தை நிகழ்ச்சி மட்டுமே உண்டாக்கவில்லை. குடியுரிமைச் சட்டமும் மக்கள்தொகைப் பெருக்கமும் சமூக அமைப்புகளின் உழைப்பும் அதன் வேர்கள். ஆயினும், தம்மை ஒரே அவையாகக் காணும் பழக்கத்தைச் சனிக்கிழமைதோறும் பயிற்றுவித்ததில் இந்நிகழ்ச்சிக்குரிய பங்கை மறுக்க இயலாது.

2015 செப்டம்பர் 19 அன்று இறுதி ஒளிபரப்பு நிகழ்ந்தது. ‘சாபதோ ஹிகாந்தே’ மக்களுக்கு உரிமையை அளிக்கவில்லை. உரிமையற்ற காலத்தில் ஒருங்கே கூடுவதற்கு ஓர் அவையை அளித்தது. அவ்வவையில் எக்காளம் யார் கையில் இருந்தது என்று கேட்பதும், அங்கே கூடியோரின் மகிழ்ச்சி பொய்யன்று என்று ஏற்பதும் ஒருங்கே இயலும்போதுதான் வெகுசனக் கலை பற்றிய திறனாய்வு நடுநிலை எய்தும்.