ஆல்பத்தை விடுங்கள், மேடையைப் பாருங்கள்

பிரிட்டிஷ் ராக் குழுவான ஆர்க்டிக் மங்கீஸின் ரசிகர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் வாக்குவாதம் நிச்சயம். 2006-ல் வந்த முதல் ஆல்பத்தின் வேகமும் கிட்டார் சத்தமும்தான் அசல் குழு, 2018-ல் பியானோவின் முன்னால் உட்கார்ந்த பாடகர் அலெக்ஸ் டர்னர் வேறு ஆள் என்கிறது ஒரு கட்சி. இருபது வயதில் எழுதியதையே நாற்பதிலும் எழுதச் சொல்வது என்ன நியாயம் என்று கேட்கிறது மறுகட்சி. 2022 அக்டோபரில் 'த கார்' ஆல்பம் வெளியானபோது இந்தச் சண்டை சூடுபிடித்தது. அடுத்த ஆண்டு ஜூனில் இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி இசைவிழாவின் தலைமை மேடையில் அவர்கள் மூன்றாம் முறையாகப் பாடி முடித்தபோது உச்சத்துக்கே போய்விட்டது. இரு தரப்பு வாதங்களையும் எடைபோட்டால், ரசிகர்களின் கோபத்துக்குக் காரணம் உண்டு, ஆனால் அது விழவேண்டிய இடத்தில் விழவில்லை என்றே சொல்வேன். ஆல்பங்கள் மாறியதில் குற்றம் காண ஏதுமில்லை. பழைய பாட்டுகளை இன்றைய மேடையில் டர்னர் பாடும் விதத்தில்தான் கோளாறு.

முதலில் ரசிகர்களின் பக்கத்தை அதன் முழு பலத்தோடு வைத்துவிட வேண்டும். 2002-ல் ஷெஃபீல்டின் புறநகரான ஹை கிரீனில் பள்ளித் தோழர்கள் சேர்ந்து தொடங்கிய குழு இது. ஆரம்ப நாட்களில் நிகழ்ச்சிக்கு வந்தவர்களுக்கு சிடி-யில் பாட்டுகளைப் பதித்து இலவசமாகக் கொடுத்தார்கள். வாங்கியவர்கள் அவற்றை இணையத்தில் பரப்பினார்கள். கடையில் ஒரு ஆல்பம்கூட வராத காலத்திலேயே கூட்டம் முழுப் பாட்டையும் திருப்பிப் பாடியது. 2005 அக்டோபரில் 'ஐ பெட் யூ லுக் குட் ஆன் த டான்ஸ்ஃப்ளோர்' பிரிட்டிஷ் தரவரிசையில் நேராக முதலிடத்தில் வந்து இறங்கியது. அடுத்த ஜனவரியில் வந்த முதல் ஆல்பம் ஒரே வாரத்தில் 3 லட்சத்து 63 ஆயிரத்துக்கும் மேல் விற்று, ஒரு குழுவின் அறிமுக ஆல்பத்துக்கு அந்நாட்டில் அதுவரை இல்லாத வேகத்தைக் காட்டியது. டாக்ஸிப் பயணம், கிளப் வாசலில் மறிக்கும் காவலாளி, வீட்டில் முறைத்துக்கொண்டிருக்கும் காதலி என்று ஷெஃபீல்ட் பையன்களின் சனிக்கிழமை இரவு அதில் அவர்கள் பேச்சுவழக்கிலேயே இருந்தது. 'எங்களால் வந்த குழு' என்று ஒரு ரசிகர் சொன்னால் அதைப் பெருமையடிப்பு என்று ஒதுக்க முடியாது. அது நடந்த கதை.

ஆனால் அந்த உரிமை ஸ்டூடியோவுக்குள்ளும் செல்லுமா? இங்கேதான் ரசிகர்களின் கடந்தகாலத் தீர்ப்புகளைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்க வேண்டும். 2009-ல் 'ஹம்பக்' வந்தது. கலிஃபோர்னியாவின் ஜோஷுவா ட்ரீ பாலைவனப் பக்கம் போய், அமெரிக்க ராக் இசைக்கலைஞர் ஜோஷ் ஹோமியின் தயாரிப்பில், இருண்ட கனத்த ஒலியில் செய்த ஆல்பம். இன்றைக்கு 'த கார்' பற்றிச் சொல்லப்படுவதெல்லாம் அன்றைக்கு அதைப் பற்றிச் சொல்லப்பட்டது: மெதுவாகிவிட்டார்கள், அமெரிக்கா போய்க் கெட்டுப்போனார்கள், பாட்டு மனதில் நிற்கவில்லை. அந்த ஆண்டு இங்கிலாந்தின் ரெடிங் இசைவிழாவில் புதிய பாட்டுகளுக்குக் கூட்டம் முகம் கொடுக்கவில்லை. அதே 'ஹம்பக்' ஆல்பத்தின் 'கார்னர்ஸ்டோன்' இன்று டர்னர் எழுதியவற்றில் தலைசிறந்தது என்று பழைய ரசிகர்களே அடித்துப் பேசுகிறார்கள். 'கிரையிங் லைட்னிங்' தொடங்கியவுடன் கூட்டம் துள்ளுகிறது. 'ஏஎம்' கதை இன்னும் தெளிவு. 2013-ல் வந்த அந்த ஆல்பத்தின் வாசற்பாட்டான 'டூ ஐ வானா நோ' நிமிடத்துக்கு வெறும் 85 தட்டு வேகத்தில் நகர்கிறது. காலடியும் கைதட்டலும் மாதிரியான அந்தத் தாளத்தின் மேல் ஒரே கிட்டார் வரி திரும்பத் திரும்ப வருகிறது, அவ்வளவுதான். 'மெதுவாகிவிட்டார்கள்' என்பதுதான் குற்றச்சாட்டு என்றால், உலகம் முழுக்கப் புதிய ரசிகர்களைச் சேர்த்துத் தந்த ஆல்பமே முதல் குற்றவாளியாக நிற்க வேண்டும்.

இளைஞர்களுக்கு வேகம்தான் பிடிக்கும், மெதுவான பாட்டு நடுவயதுக்காரரின் சொந்த ஆசை என்ற வாதமும் நிற்காது. பிரிட்டிஷ் கவிஞர் ஜான் கூப்பர் கிளார்க்கின் கவிதையைத் தழுவிய 'ஐ வானா பி யுவர்ஸ்', 'ஏஎம்' ஆல்பத்தின் கடைசிப் பாட்டு. '505' அதற்கு முன்பே, 2007-ல் வந்த இரண்டாம் ஆல்பத்தின் கடைசிப் பாட்டு. வெளியானபோது இரண்டையும் சிங்கிளாகப் போட்டு யாரும் விளம்பரம் செய்யவில்லை. ஆண்டுகள் கழித்து, முதல் ஆல்பம் வந்தபோது நடை பழகிக்கொண்டிருந்த தலைமுறை குறுவீடியோக்கள் வழியாக இவற்றைக் கண்டெடுத்தது. இரண்டுமே நிதானமாக ஏங்கும் பாட்டுகள்.

தரவரிசையைக் காட்டுவோரும் உண்டு. முதல் ஆறு ஆல்பங்களும் பிரிட்டனில் முதலிடம் பிடித்தன, 'த கார்' இரண்டாமிடத்தில் நின்றது, ரசிகர்கள் தீர்ப்பு சொல்லிவிட்டார்கள் என்கிறார்கள். அதே நாளில் டெய்லர் ஸ்விஃப்டின் 'மிட்நைட்ஸ்' வெளியானதை இவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. அந்த வாரம் அதற்கு எதிரே எந்தக் கிட்டார் குழு நின்றிருந்தாலும் இரண்டாமிடம்தான். அடுத்த கோடையில் பிரிட்டனில் இவர்கள் பாடிய இடங்களையும் பாருங்கள்: ஓல்ட் டிராஃபோர்ட் கிரிக்கெட் மைதானம், ஆர்சனல் அணியின் எமிரேட்ஸ் அரங்கில் மூன்று இரவுகள், சொந்த ஊரில் ஹில்ஸ்பரோ பூங்காவில் இரண்டு இரவுகள். ரசிகர்கள் கைவிட்ட குழுவுக்கு இந்தக் கூட்டம் வராது. முதல் சிங்கிள் வெற்றியிலிருந்து இன்றுவரை டொமினோ என்ற சுயேச்சை நிறுவனத்தை விட்டு இவர்கள் நகரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பெரிய நிறுவனத்தின் நெருக்குதலால் ஒலியை மாற்றினார்கள் என்று சந்தேகிக்க இடமே இல்லை.

இனி உண்மையான குறைக்கு வருவோம். 2023 கிளாஸ்டன்பரியில் பாடிய இருபதுக்குச் சற்று மேற்பட்ட பாட்டுகளில் 'த கார்' ஆல்பத்திலிருந்து வந்தவை நான்கே. 'மார்டி பம்' இருந்தது, 'டான்ஸ்ஃப்ளோர்' இருந்தது, 'பிரையன்ஸ்டார்ம்' இரண்டாவதாகவே வந்துவிட்டது. ஆக, பழைய பாட்டு பாடவில்லை என்ற புகார் செல்லாது. ஆனால் முதல் ஆல்பத்தின் பாட்டுகள் எப்படிக் கட்டப்பட்டவை என்று கவனியுங்கள். ஒரு வரிக்குள் கொள்ளாத அளவுக்குச் சொற்களைத் திணித்து, மாட் ஹெல்டர்ஸின் டிரம்ஸ் துரத்த, மூச்சுவிட நேரமில்லாமல் ஓடும் பாட்டுகள் அவை. நெரிசலே அவற்றின் அழகு. அந்தச் சொற்களை டர்னர் இப்போது இழுக்கிறார், வரியின் நடுவில் நிறுத்துகிறார், தாளம் கடந்துபோன பிறகு மிச்சத்தை மெல்ல இறக்குகிறார். கூடவே பாட வந்த கூட்டம் எங்கே சேருவது என்று தெரியாமல் அரை வரி முன்னால் போய் நிற்கிறது. 'பாடி பெயின்ட்' போன்ற புதிய பாட்டில் இதே இழுவை அழகாக இருக்கிறது, ஏனென்றால் அந்த இடைவெளி பாட்டுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. பாப் டிலன் காலம் முழுக்க இப்படித்தானே மாற்றிப் பாடினார் என்று டர்னரின் ஆதரவாளர்கள் கேட்கலாம். டிலன் மாற்றும்போது பெரும்பாலும் தாளம், மெட்டு, வாத்தியம் எல்லாம் சேர்ந்து மாறும். இங்கே குழுவின் மற்றவர்களான ஜேமி குக்கும் நிக் ஓமாலியும் ஹெல்டர்ஸும் பெரும்பாலும் பழைய பாட்டையே வாசிக்கிறார்கள், பாடகர் மட்டும் வேறு பாட்டில் இருக்கிறார். கிளாஸ்டன்பரி இரவில் டர்னருக்குக் குரல் சிரமமும் இருந்தது உண்மை. குரல்வளை அழற்சியால் அதே வாரம் டப்ளின் நிகழ்ச்சி ரத்தானது. அந்த இரவுக்கு அது பொருந்தும். ஆனால் இழுத்துப் பாடும் பழக்கம் அந்த வாரம் பிறந்தது அல்ல.

எனவே ரசிகர்கள் 'பழைய மாதிரி ஆல்பம் போடு' என்று கேட்பதை நிறுத்திவிட்டு, மேடையில் நியாயம் கேட்க வேண்டும். டர்னருக்கு இரண்டு வழி இருக்கிறது: 'டான்ஸ்ஃப்ளோர்' பாட்டை அதன் வேகத்திலேயே பாடட்டும், அல்லது குழு முழுவதும் சேர்ந்து அதைப் புதிதாக மாற்றி அமைக்கட்டும். இரண்டும் முடியாதென்றால் அந்தப் பாட்டைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, 'த கார்' ஆல்பத்திலிருந்து இன்னும் இரண்டு பாட்டு பாடலாம். கூட்டம் அதையும் கேட்கும்.