திறமை: யார் அளக்கும் கணக்கு?

2008 ஃபார்முலா ஒன் பந்தயங்களில் ஜென்சன் பட்டன் எடுத்தது மொத்தமே 3 புள்ளி. 2009இல் அதே ஆள் உலக சாம்பியன்; முதல் 7 பந்தயங்களில் 6 வெற்றி. இடையில் திறமை முளைத்துவிட்டதா என்ன? மாறியவை விதியும் காரும்.

ஹோண்டா கைவிட்ட அணி, பிரான் என்ற பெயரில், புதிய விதிகளின் இடுக்கில் புகுந்து இரட்டை டிஃப்யூசர் வைத்தது. கார் தரையோடு இன்னும் இறுகிப் பிடித்தது. எதிரணிகள் முறையிட்டன, மேல்முறையீட்டு மன்றம் செல்லும் என்றது. ஆக, விதி என்கிற பிரதியை வாசித்த பொறியாளர்கள் பாதிப் பந்தயத்தை முன்பே ஓட்டிவிட்டார்கள். மேடையில் நிற்பதோ ஒற்றை நாயக பிம்பம்.

பட்டன் சும்மா ஜெயித்தார் என்று நான் சொல்லவில்லை. அதே காரில் பாரிகெல்லோவுக்கு 2 வெற்றிதான். ஆனால் அந்தத் திறமை, கார் கிடைத்தவர்களுக்குள் பார்க்கிற வித்தியாசம். கார் கிடைக்காதவனின் திறமையை எந்தக் கடிகாரம் அளந்தது?