உடல் உடைமையாகுமா?

1646இல் லண்டன் நியூகேட் சிறையில் இருந்தபடி ரிச்சர்ட் ஓவர்டன் ஒரு துண்டுப் பிரசுரம் எழுதினார். அவரைச் சிறைக்கு அனுப்பியது பிரபுக்கள் சபை. ஒவ்வொரு மனிதனும் தனக்குத் தானே சொந்தமாகப் பிறக்கிறான், அவன் ஒப்புதல் இல்லாமல் அவன்மேல் அதிகாரம் செலுத்த எவருக்கும் உரிமை கிடையாது என்று அதில் அவர் வாதிட்டார். 1689இல் வெளிவந்த 'அரசாங்கம் பற்றிய இரு ஆய்வுரைகள்' நூலில் ஜான் லாக் இந்த எண்ணத்தை முழுக் கோட்பாடாக வளர்த்தார். என் உடல் எனக்குச் சொந்தம். ஆகவே அதன் உழைப்பும், அந்த உழைப்பு கலந்த நிலமும் விளைச்சலும் எனக்குச் சொந்தம். இருபதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் மரி ராத்பார்ட் இதை அதன் கடைசி எல்லைவரை இழுத்துச் சென்றார். அவர் கணக்கில் மனித உரிமைகள் எல்லாமே சொத்துரிமைகள்தான். பேச்சுரிமைகூட, பேசுவதற்கு ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுக்கும் உரிமையில் வந்து நிற்கும்.

இந்தக் கோட்பாட்டைச் சுலபமாக ஒதுக்கிவிட முடியாது. ஒரு மனிதனை இன்னொருவன் 'என் பொருள்' என்று சொல்லிச் சந்தையில் நிறுத்திய காலத்தில், அதற்குப் பதில் சொல்ல இதைவிடக் கூர்மையான சொல் எதுவும் இருக்கவில்லை. அடிமை ஒழிப்பாளர்கள் அடிமை முதலாளியை 'ஆள் திருடன்' என்றே அழைத்தார்கள். சொத்தின் மொழியில் பேசியவனுக்குச் சொத்தின் மொழியிலேயே கொடுத்த அடி அது. கணவனின் அதிகாரத்துக்குள் மனைவியின் உடலையும் சம்பாத்தியத்தையும் அடக்கிவைத்த சட்டங்களுக்கு எதிராகவும் இதே வாதம் நின்றது. ஒருவர் மீது பிறர் உரிமை கோரும் இடத்தில் தன்னுடைமை வாதத்துக்கு வலிமை உண்டு.

ஆனால் மறுப்பதற்குப் பயன்பட்ட கருவியை அடித்தளமாகப் போட்டு அதன்மேல் எல்லா உரிமைகளையும் கட்டினால் என்ன நடக்கிறது? முதல் விரிசல் லாக்கிடமே தெரிகிறது. கரோலினா குடியேற்றத்தின் உரிமையாளர்களுக்கு அவர் செயலாளராக இருந்தபோது, 1669இல் உருவான அதன் அடிப்படைச் சாசனம் சுதந்திர மனிதர்களுக்குத் தங்கள் கறுப்பின அடிமைகள் மீது முழு அதிகாரம் கொடுத்தது. அதை எழுதியதில் அவர் பங்கு எவ்வளவு என்பதில் ஆய்வாளர்கள் வேறுபடுகிறார்கள். அடிமை வணிகம் செய்த ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியில் அவர் பணம் போட்டிருந்ததில் ஐயமில்லை. இதை ஒரு மனிதரின் முரண்பாடு என்று மட்டும் விட்டுவிட எனக்கு மனமில்லை. உரிமையின் இலக்கணமே சொத்து என்றானபின், யார் உரிமையாளர், யார் உடைமை என்ற கேள்வி எப்போதும் திறந்தே கிடக்கிறது.

லாக் ஒரு வேலி போட்டிருந்தார். மனிதன் கடவுளின் படைப்பு. ஆகவே தன்னை அழித்துக்கொள்ளவோ அடிமையாக விற்றுக்கொள்ளவோ அவனுக்கு அனுமதி இல்லை. பின்னால் வந்தவர்கள் கடவுளை எடுத்துவிட்டார்கள், வேலியும் போயிற்று. 1974இல் ராபர்ட் நோஸிக் தன் நூலில், சுதந்திரமான அமைப்பு ஒருவன் தன்னையே அடிமையாக விற்றுக்கொள்வதையும் அனுமதிக்கும் என்று ஒப்புக்கொண்டார். அவருடைய நேர்மையை மதிக்கிறேன். சொந்தம் என்றால் விற்கலாம், அடகு வைக்கலாம், கடனுக்கு ஈடாகப் பறிகொடுக்கவும் நேரலாம்.

இது ஏட்டளவில் நிற்கிற சிக்கல் இல்லை. சென்னை வில்லிவாக்கத்தைப் பத்திரிகைகள் 'கிட்னிவாக்கம்' என்று எழுதிய காலம் நினைவிருக்கும். உறுப்பு விற்பனையை 1994ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்த பிறகும் அது நின்றுவிடவில்லை. சிறுநீரகம் விற்ற 305 பேரைச் சென்னையில் சந்தித்து நடத்திய ஆய்வு ஒன்று 2002இல் வெளியானது. அவர்களில் 71 சதவீதம் பெண்கள். 96 சதவீதம் பேர் கடனை அடைக்கவே விற்றிருந்தார்கள். விற்ற பிறகு குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. பெரும்பாலானோர் ஆய்வு நடந்தபோதும் கடனில்தான் இருந்தார்கள். சிறுநீரகம் விலைபோகும் பகுதிகளில் கடன் கொடுத்தவர்கள் அதையே ஈடாக எண்ணி நெருக்கத் தொடங்கியதை மானுடவியலாளர் லாரன்ஸ் கோஹன் பதிவுசெய்திருக்கிறார். அதாவது, விற்க விரும்பாதவளின் உடலும் வட்டிக்காரரின் கணக்கில் ஏறிவிடுகிறது. 'என் உடல், என் விருப்பம்' என்று தொடங்கும் உரிமை, ஏழையிடம் வந்து சேரும்போது இன்னொருவரின் வசூல் வழியாக மாறுகிறது. இந்த வாதத்தின் மீது எனக்குள்ள கோபத்தின் பெரும்பகுதி இங்கிருந்துதான் வருகிறது.

அப்படியானால் உடலில் சொத்துரிமையே வேண்டாம் என்று சொல்லிவிட்டால் போதுமா? போதாது என்று ஜான் மூரின் வழக்கு காட்டுகிறது. அரிய வகை ரத்தப் புற்றுநோய்க்கு லாஸ் ஏஞ்சல்ஸின் பல்கலைக்கழக மருத்துவமனையில் சிகிச்சை பெற்ற மூருக்கு 1976இல் மண்ணீரலை அகற்றினார்கள். அதன்பின் ஏழு ஆண்டுகள் சியாட்டிலிலிருந்து அவரை மீண்டும் மீண்டும் வரவழைத்து ரத்தமும் திசுவும் எடுத்தார்கள். அவற்றின் வணிக மதிப்பு பற்றி அவரிடம் யாரும் வாய் திறக்கவில்லை. அவருடைய உயிரணுக்களிலிருந்து வளர்த்த செல் வரிசைக்கு 1984இல் காப்புரிமையும் வாங்கினார்கள். 1990இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம், வெளியே எடுக்கப்பட்ட உயிரணுக்கள் மூரின் சொத்து ஆகாது, ஆனால் தன் வணிக நோக்கத்தை மருத்துவர் நோயாளியிடம் சொல்லியிருக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஒப்புதல் பற்றிய பாதி சரி. மற்ற பாதி என்னை உறுத்துகிறது: யாருடைய உடலிலிருந்து வந்ததோ அவருக்கு மட்டும் சொத்து இல்லை, எடுத்தவர்களின் கையில் காப்புரிமையாகச் சொத்து பத்திரமாக இருந்தது. தன்னுடைமைவாதிகள் இந்தத் தீர்ப்பைக் காட்டிக் கோபப்பட்டால் அதில் நியாயம் இருக்கிறது. உடலைச் சந்தைக்கு அப்பால் வைப்பதென்றால் எல்லோர் கைக்கும் அப்பால் வைக்க வேண்டும்.

உரிமைகளின் ஊற்று சொத்துதானா என்பதற்கு இந்தியாவே ஒரு சோதனைக் களமானது. 1978இல் கொண்டுவந்த அரசியலமைப்பின் 44ஆவது திருத்தம் சொத்துரிமையை அடிப்படை உரிமைகளின் வரிசையிலிருந்து நீக்கி, 300ஏ பிரிவின்கீழ் வெறும் சட்ட உரிமையாக வைத்தது. ஊற்று அதுவாக இருந்திருந்தால் மற்ற உரிமைகள் வற்றியிருக்க வேண்டும். அதே ஆண்டில் மேனகா காந்தி வழக்கின் தீர்ப்பு உயிருக்கும் தனிமனித சுதந்திரத்துக்குமான 21ஆம் பிரிவை விரிவாக்கியது. 1985இல் ஓல்கா டெல்லிஸ் வழக்கில், சொந்தமாக ஒரு சாண் நிலமும் இல்லாத பம்பாய் நடைபாதைவாசிகளின் பிழைப்பும் அந்தப் பிரிவுக்குள் அடங்கும் என்றது உச்ச நீதிமன்றம். 2017இல் அந்தரங்க உரிமையும் அதற்குள் வந்தது.

ஆனாலும் ஓல்கா டெல்லிஸ் தீர்ப்பின் மறுபக்கத்தையும் படிக்க வேண்டும். பிழைப்புரிமையை உயர்த்திப் பேசிய அதே தீர்ப்பு, மழைக்காலம் முடிந்தபின் அவர்களை அப்புறப்படுத்த அனுமதித்தது. சொத்து இல்லாதவருக்கும் உரிமை பிறக்கிறது. ஆனால் கால் ஊன்ற இடமில்லாதவரின் உரிமை சீக்கிரம் கரைகிறது. சொத்தை வெறுக்கும் இடதுசாரி நண்பர்கள் பலர் இதை ஏற்கத் தயங்குவது எனக்கு வருத்தம்.

தஞ்சைப் பண்ணையாள் குடும்பங்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. மிராசுதாரின் மனையில் குடிசை போட்டிருந்தவர் கூலி உயர்வு கேட்டால் மறுநாள் குடிசை இருக்காது. கூலித் தகராறு முற்றிய கீழ்வெண்மணியில் 1968இல் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். 1971இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த குடியிருப்புச் சட்டம், விவசாயத் தொழிலாளர் குடியிருந்த மனையை அவர்களுக்கே உரிமையாக்கியது. அந்தச் சின்ன மனையின் பலத்தில்தான் அடுத்த கூலிப் பேச்சில் நிமிர்ந்து நிற்க முடிந்தது. லாக் வாழ்ந்திருந்தால் சொத்தின் மேன்மைக்கு இதைவிட நல்ல சான்று கேட்டிருக்கமாட்டார்.

ஆனால் அந்த மனை எங்கிருந்து வந்தது? மிராசுதாரின் பத்திரத்திலிருந்து சட்டம் எடுத்துக் கொடுத்தது. உரிமைகள் சொத்திலிருந்தே பிறக்கின்றன என்று நம்புகிறவர் இதைப் பறிமுதல் என்றுதான் சொல்லியாக வேண்டும். பழைய அநீதியால் சேர்ந்த சொத்தைத் திருத்தலாம் என்று நோஸிக் ஒரு கதவைத் திறந்து வைத்தார். நூற்றாண்டுகளின் பத்திரங்களையும் பரம்பரைகளையும் பின்னோக்கி யார் தொடர்ந்து போய்க் கணக்குத் தீர்ப்பது என்பதற்கு அவரிடம் வழி இல்லை. 1971ஆம் ஆண்டுச் சட்டம் அந்தக் கணக்குக்குக் காத்திருக்கவில்லை. அங்கே குடியிருக்கும் ஒருத்தி, அடித்து விரட்டப்படுவோம் என்ற பயமில்லாமல் தன் கூலியைக் கேட்க வேண்டும் என்பதை முதலில் வைத்து, அதற்கு எவ்வளவு சொத்து தேவையோ அவ்வளவை அவள் பெயரில் எழுதியது.