பால் மறந்த பிள்ளை

பிள்ளைத்தமிழ் நம் மொழியின் தனிச்செல்வம். தெய்வத்தையோ தலைவனையோ குழவியாக்கி, 3ஆம் திங்கள் முதல் 21ஆம் திங்கள் வரை பத்துப் பருவங்களில் பாடுவது அதன் மரபு. ஆயினும் அதன் நடுவே வீற்றிருப்பது ஒரே பிள்ளைதான். வீடு அப்படியில்லை. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவம் சிறுதேர். அத்தேரை உருட்டும் வயதில்தான் பல இல்லங்களில் தம்பியோ தங்கையோ பிறக்கிறது. பாட்டு முடியும் இடத்தில் பிள்ளையின் முதல் துயரம் தொடங்குகிறது.

புறநானூற்றின் 188ஆம் பாடலில், உணவைத் துழாவி மேனியெங்கும் பூசிக்கொள்ளும் மகவைக் கண்டு பாண்டியன் அறிவுடைநம்பி மகிழ்கிறான். அழகிய பாட்டே. ஆனால் சிந்திய சோற்றை அள்ளியவர் யார்? கைக்குழந்தை பாலுக்கு அழ, மூத்ததன் மேனியைக் கழுவும் தாய் அங்கே இல்லை.

திருப்பாடல் 131 மூன்றே வசனங்கள் கொண்டது. ஆண்டவர்முன் அமைதியுற்ற நெஞ்சுக்கு அதன் ஆசிரியர் தேர்ந்த உவமை, தாயின் மடியில் இருக்கும் பால் மறந்த குழந்தை. பாலின் உரிமை போயிற்று; மடியின் உரிமை போகவில்லை. இதை அக்குழந்தை ஒரே நாளில் கற்றிராது. எத்தனை இரவுகள் அழுதிருக்கும், எத்தனை முறை தாய் அதனை மீண்டும் தூக்கியிருப்பாள்!

இளையதைத் தோளில் கிடத்தி, மூத்ததை மறுகையால் அணைக்கும் அத்தாயை நம் கவிஞர்கள் பாட வேண்டும். பத்துப் பருவங்களுக்குப்பின் பதினோராவதாக ஒன்றைச் சேர்த்தால் இலக்கணம் பிழைபடாது.