சீருடையோடு கடலுக்குள்: சொகுசுக் கப்பல் சேவையின் தரமும் அதன் விலையும்

சீபோர்ன் நிறுவனத்தின் கப்பல்களில் நெடுநாளாக ஒரு வழக்கம் உண்டு. கரீபியன் தீவு ஒன்றின் அருகே கப்பல் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். பயணிகள் கரையோரத் தண்ணீரில் ஆடிக்கொண்டிருப்பார்கள். அப்போது பணியாளர்கள் போட்டிருக்கும் சீருடையைக் களையாமல், அப்படியே இடுப்பளவு நீருக்குள் இறங்கி வருவார்கள். அலைச்சறுக்குப் பலகைதான் மேசை. அதன்மேல் பனிக்கட்டி, அதில் புதைத்த காவியார் டப்பா, பக்கத்தில் ஷாம்பெய்ன். அலை வந்து மோதும்போது பலகையை ஒருவர் பிடித்துக்கொள்வார், இன்னொருவர் பரிமாறுவார். மீன் முட்டையும் மதுவும் கரையில் எந்த ஓட்டலிலும் கிடைக்கும். உப்புத் தண்ணீரில் நனைந்த சட்டையோடு சிரித்தபடி அதை நீட்டும் ஆள் கிடைப்பது அரிது. பயணம் முடிந்து ஊர் திரும்பியவர்கள் அந்த ஆளைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

சொகுசுக் கப்பல் பயணிகளின் பாராட்டுகளில் திரும்பத் திரும்ப வருவது இதுதான். கேபின் எவ்வளவு பெரிது, மெத்தை எவ்வளவு மெத்து என்பதெல்லாம் பிறகு. இரண்டாம் நாளே பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், காபியில் சர்க்கரை வேண்டாம் என்று ஒருமுறைதான் சொன்னோம், கால் வலிக்கிறது என்றதும் கேட்காமலே நாற்காலி வந்தது என்று மனிதர்களைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். இந்தச் சேவை உண்மையிலேயே உயர்ந்ததுதானா, உயர்ந்தது என்றால் எதனால், அதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள் என்பவை சேர்த்தே கேட்க வேண்டிய கேள்விகள்.

உயர்ந்தது என்பதில் சந்தேகம் வேண்டாம். அதற்கு முதல் காரணம் ஆள்பலம். உலகின் மிகப் பெரிய பயணிகள் கப்பல்களில் ஒன்றான ராயல் கரீபியனின் ‘ஐகான் ஆஃப் தி சீஸ்’, கேபினுக்கு இருவர் என்ற கணக்கில் 5,610 பயணிகளை ஏற்றுகிறது. பணியாளர்கள் 2,350 பேர். அதாவது ஒரு பணியாளருக்கு ஏறத்தாழ இரண்டரைப் பயணிகள். சில்வர்சீயின் ‘சில்வர் மியூஸ்’ கப்பலில் 596 பயணிகளுக்கு 411 பணியாளர்கள். 2022 அக்டோபரில் முதல் பயணம் புறப்பட்ட ரிட்ஸ்-கார்ல்டனின் ‘எவ்ரிமா’வில் 298 பயணிகளுக்கு 246 பேர். அங்கே கிட்டத்தட்ட ஆளுக்கு ஓர் ஆள். ஒரு ஸ்டீவர்டுக்குப் பார்க்க வேண்டிய அறைகள் குறைந்தால் அவருக்கு மனிதர்களைப் பார்க்க நேரம் கிடைக்கிறது. கதவு திறக்கும் சத்தத்தை வைத்தே எந்த அறைக்காரர் காலை உணவுக்குக் கிளம்பிவிட்டார் என்று தெரிந்துகொண்டு, அவர் திரும்புவதற்குள் அறையைச் சுத்தம் செய்து முடித்துவிடும் வித்தை இந்த நேரத்தால் வருவது.

நேரம் மட்டும் போதாது, கண் வேண்டும். கல்யாணப் பந்தியில் பழகிய பரிமாறுபவர் இலையைப் பார்த்தே யாருக்கு ரசம், யாருக்கு இன்னொரு கரண்டி பாயசம் என்று முடிவு செய்துவிடுவார். கப்பல் வெயிட்டரின் கண்ணும் அப்படிப் பழகியதுதான். ஒரு வித்தியாசம் உண்டு: ஒருவர் கவனித்தது அவரோடு நின்றுவிடுவதில்லை. தலையணை உயரம், ஒவ்வாத உணவு, பிடித்த மது எல்லாம் கம்பெனியின் கணினியில் ஏறும். சில ஆண்டு கழித்து வேறு கப்பலில் அதே பயணி ஏறும்போது அந்தக் குறிப்பும் கூடவே வரும். இதை வெறும் கண்காணிப்பு என்று ஒதுக்கிவிட முடியாது. வேர்க்கடலை ஒவ்வாத ஒருவருக்கு அந்தக் குறிப்பு உயிர்காக்கும் விஷயம்.

இரண்டாவது காரணம் டிப்ஸ். இங்கேதான் சொகுசுக் கப்பலும் வெகுஜனக் கப்பலும் பாதை பிரிகின்றன. ராயல் கரீபியனில் 2023 நவம்பரிலிருந்து சாதாரண கேபின் பயணி ஒருவருக்கு நாளொன்றுக்கு 18 டாலர் சேவைத் தொகையாகக் கணக்கில் ஏற்றப்பட்டது. வேண்டாம் என்று பயணி கேட்டால் அதை நீக்கிவிடலாம் என்பது இத்தகைய கப்பல்கள் பலவற்றில் வழக்கம். ஆகவே பணியாளரின் வருமானத்தில் ஒரு பங்கு எப்போதும் பயணியின் மனநிலையில் தொங்கிக்கொண்டிருக்கிறது. சீபோர்ன் தொடக்கத்திலிருந்தே டிப்ஸ் தேவையுமில்லை, எதிர்பார்க்கப்படுவதுமில்லை என்று அறிவித்து நடத்திவருகிறது. சில்வர்சீயும் ரீஜென்ட்டும் கட்டணத்திலேயே அதைச் சேர்த்துவிடுகின்றன. கை நீட்ட வேண்டிய அவசியம் இல்லாத இடத்தில்தான் சேவை மிகச் சிறப்பாக இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். டிப்ஸ் இருந்தால்தான் வேலைக்காரன் ஒழுங்காக வேலை செய்வான் என்று காலங்காலமாகச் சொல்லப்படும் வாதத்தை இந்தக் கப்பல்கள் ஒவ்வொரு பயணத்திலும் பொய்யாக்குகின்றன.

பாராட்டுகளில் பெரும்பாலும் விடுபட்டுப்போகும் மூன்றாவது தகுதி ஒன்று இருக்கிறது. தட்டு ஏந்தும் கைதான் ஆபத்தில் உயிர்காப்புப் படகிலும் ஏற்றிவிட வேண்டும். வெயிட்டர், சமையல்காரர், பாடகர் யாராக இருந்தாலும் கடல் பாதுகாப்புப் பயிற்சி முடித்தவராக இருப்பார்; அபாயச் சங்கு ஒலித்தால் யார் எங்கே நிற்க வேண்டும் என்பது எழுதி வைக்கப்பட்டிருக்கும். 1991 ஆகஸ்டில் தென்னாப்பிரிக்கக் கடலோரத்தில் ‘ஓசியானோஸ்’ என்ற கிரேக்கப் பயணிக் கப்பல் மூழ்கியது. பயணிகள் பலர் இன்னும் கப்பலில் இருக்கும்போதே கேப்டன் ஹெலிகாப்டரில் போய்விட்டார். வானொலியில் உதவி கேட்டதும், ஹெலிகாப்டர் கயிற்றில் பயணிகளைக் கட்டி மேலே அனுப்பியதும் மாஸ் ஹில்ஸ் என்ற கிதார் கலைஞரும் அவருடைய சக கலைஞர்களும்தான். கப்பலில் இருந்த அத்தனை பேரும் பிழைத்தார்கள். 2012 ஜனவரியில் இத்தாலியக் கடலோரத்தில் ‘கோஸ்டா கான்கார்டியா’ கவிழ்ந்து இறந்த 32 பேரில் பணியாளர்களும் உண்டு. கடைசியாக, 2014 நவம்பரில் கண்டெடுக்கப்பட்ட உடல் மும்பையைச் சேர்ந்த ஓர் இந்தியப் பணியாளருடையது.

‘டைமண்ட் பிரின்சஸ்’ இதைவிடக் கூர்மையான சாட்சி. அது சொகுசுப் பிரிவைச் சேர்ந்த கப்பல் அல்ல. ஆனால் பயணிக்கும் பணியாளருக்கும் நடுவே இருக்கும் கோடு எங்கே போகிறது என்பதை வேறெந்தக் கப்பலும் இவ்வளவு வெளிப்படையாகக் காட்டியதில்லை. 2020 பிப்ரவரியில் கொரோனா தொற்று காரணமாக யோகோஹாமா துறைமுகத்தில் 3,711 பேரோடு அது தனிமைப்படுத்தப்பட்டது. பயணிகள் அறைக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று உத்தரவு. அந்த அறைகளுக்கு மூன்று வேளையும் சாப்பாடு போயாக வேண்டுமே! ஆயிரத்துக்கும் சற்று அதிகமான பணியாளர்கள் தாழ்வாரம் தாழ்வாரமாக நடந்து கொடுத்தார்கள். பிறகு கீழ்த்தளத்துக்குப் போய், பலரும் சேர்ந்து உண்ணும் மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டு, இன்னொருவரோடு பகிர்ந்துகொண்ட அறையில் படுத்தார்கள். தொடக்கத்தில் தொற்று உறுதியான பணியாளர்களில் பெரும்பாலோர் உணவுப் பிரிவைச் சேர்ந்தவர்கள். அந்தக் கப்பலில் இருந்த இந்தியர்கள் 138 பேர். அவர்களில் 132 பேர் பணியாளர்கள். பயணிகள் நன்றி சொல்லிக் கதவில் ஒட்டிய துண்டுக் காகிதங்கள் மனமாரச் சொன்னவைதான். ஆனாலும் தனிமைப்படுத்தல் என்ற பாதுகாப்பு ஒரு சாராருக்குக் கிடைத்தது, மற்றவர் அதை நடத்திக்கொடுத்தார் என்பதும் அதே அளவு உண்மை.

குறைகளைப் பேச இதுவே சரியான இடம். முதலாவது, வேலை நேரம். கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2006இல் உருவாகி 2013 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2015இல் ஏற்றுக்கொண்டது. நாளுக்குப் பத்து மணி நேரம், வாரத்துக்கு 77 மணி நேரம் ஓய்வு கட்டாயம் என்று அது சொல்கிறது. கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. கணக்கைத் திருப்பிப் போட்டால், வாரத்தின் 168 மணி நேரத்தில் மீதம் 91 மணி நேரம். அதே உடன்படிக்கை உச்ச வேலை நேரத்தை வாரத்துக்கு 72 என்று வரையறுக்கும் மாற்று வழியையும் தருகிறது. இரண்டில் ஒன்றைக் கப்பலின் கொடி நாடு தேர்ந்துகொள்ளலாம். ஓட்டல் பிரிவுப் பணியாளருக்கு வார விடுமுறை என்று ஒன்று கிடையாது. ஆறு முதல் ஒன்பது மாதம் வரையிலான கான்ட்ராக்ட் முடிந்து ‘சைன் ஆஃப்’ ஆகும்வரை ஞாயிறும் வேலை நாள்தான், பொங்கலும் வேலை நாள்தான். தங்குவது பெரும்பாலும் ஜன்னல் இல்லாத, அடுக்குக் கட்டில் போட்ட, இருவர் பகிரும் அறையில். பயணி தன் பால்கனியிலிருந்து பார்க்கும் கடல் அவருக்குக் கண்ணில் படுவதே அபூர்வம்.

இரண்டாவது, சட்டம். பயணியின் நாடு ஒன்று, கம்பெனியின் தலைமையகம் இன்னொன்று, பணியாளரின் ஊர் மூன்றாவது, கப்பலின் கொடி நான்காவது. பஹாமாஸ், பனாமா, பெர்முடா, மால்டா ஆகியவைதான் வழக்கமான கொடிகள். குனார்ட் நிறுவனமே 171 ஆண்டுகள் பிரிட்டிஷ் பதிவில் இருந்துவிட்டு 2011இல் தன் மூன்று கப்பல்களையும் பெர்முடாவுக்கு மாற்றியது. நடுக்கடலில் திருமணம் நடத்திவைக்க அனுமதி வேண்டும் என்பது சொல்லப்பட்ட காரணம். பணியாளர் வழக்குப் போட நேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் அதே 2011 ஒரு பதில் வைத்திருக்கிறது. மயாமியைத் தலைமையகமாகக் கொண்ட நார்வீஜியன் குரூஸ் லைனில் குப்பை மூட்டை தூக்கி முதுகில் காயம்பட்ட நிகராகுவா நாட்டுப் பணியாளர் ஒருவர் அமெரிக்க நீதிமன்றத்துக்குப் போனார். கான்ட்ராக்டில் எழுதியிருந்தபடி நிகராகுவாவில், பஹாமாஸ் சட்டப்படி, நடுவர் மூலமாகத்தான் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மூன்றாவதைக் கணக்குப் போட்டுக் காட்ட முடியாது. சமூகவியலாளர் ஆர்லி ஹோக்‌ஷீல்ட் 1983இல் விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து எழுதிய ‘தி மேனேஜ்ட் ஹார்ட்’ நூலில், உணர்ச்சியையே உழைப்பாக விற்க வேண்டியிருப்பதை விளக்கினார். விமானத்தில் அது சில மணி நேரம். கப்பலில் மாதக் கணக்கு. பயணத்தின் முடிவில் பயணி நிரப்பும் மதிப்பீட்டுப் படிவம் பதவி உயர்வைத் தீர்மானிக்கும்போது, ஊரில் தாய் படுத்த படுக்கையாக இருக்கும் நாளிலும் முகம் வாடக்கூடாது. அமெரிக்க எழுத்தாளர் டேவிட் ஃபாஸ்டர் வாலஸ் 1995இல் ஒரு கப்பல் பயணம் போய் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் இதற்கு ஒரு சிறு நிகழ்ச்சி இருக்கிறது. தன் பையைத் தானே தூக்கிக்கொண்டு போய்விட்டார் அவர். நல்லெண்ணம்தான். ஆனால் பயணியைச் சுமக்கவிட்டதற்காகச் சுமைப் பணியாளருக்குத் திட்டு விழுந்தது. அதிகாரி ஒருவர் வந்து மன்னிப்பும் கேட்டார். பயணியின் கனிவுகூட இந்த அமைப்பில் பணியாளருக்குத் தொல்லையாக முடியலாம் என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட முடியாது.

அதற்காக அந்தச் சிரிப்பெல்லாம் பொய் என்று சொல்வது அந்தப் பணியாளர்களை அவமதிப்பதாகும். தன் தொழிலில் தேர்ந்தவருக்கு வரும் பெருமிதம் உண்மையானது. வருடம் தவறாமல் வரும் முதிய பயணிக்கும் ஸ்டீவர்டுக்கும் இடையில் நட்பு வளர்வதும் உண்மையானது. குறை அந்த மனிதரிடம் இல்லை, அவருக்கு எழுதப்பட்ட ஒப்பந்தத்தில் இருக்கிறது.

நிலைமையைத் திருத்தினால் சேவை கெட்டுவிடும் என்று ஒரு வாதம் உண்டு. சான்றாக ஹவாயைக் காட்டுவார்கள். 2004இல் நார்வீஜியன் நிறுவனம் அமெரிக்கக் கொடியோடும், அமெரிக்கப் பணியாளர்களோடும், அமெரிக்கத் தொழிலாளர் சட்டத்தோடும் ‘பிரைட் ஆஃப் அலோஹா’வை அங்கே இறக்கியது. சேவை மோசம் என்ற புகார்கள் குவிந்தன. பணியாளர்கள் வந்த வேகத்தில் விலகினார்கள். 2008இல் கப்பல் அந்தப் பாதையிலிருந்து போய்விட்டது. ஆனால் சட்டமா அங்கே சேவையைக் கெடுத்தது? கடல் அனுபவமே இல்லாத ஆட்களை மொத்தமாகச் சேர்த்ததும், அவர்கள் நிலைக்காமல் போனதும்தான் கெடுத்தன. அதே கொடியோடு ‘பிரைட் ஆஃப் அமெரிக்கா’ ஹவாயில் தொடர்ந்து ஓடிவந்திருக்கிறது. பழகிய கைகள் இல்லாமல் சேவை இல்லை என்பதுதான் ஹவாய் தரும் பாடம். பழகிய கைகள் நிலைக்க வேண்டுமானால் அவர்களை நன்றாக நடத்தியாக வேண்டும்.

இதை முழுமையாகக் காட்டுவது கிரிஸ்டலின் கதை. சேவைக்குப் பெயர்பெற்ற நிறுவனம் அது. அதன் உரிமையாளரான ஜென்டிங் ஹாங்காங் 2022 ஜனவரியில் திவால் நிலைக்குப் போனது. மயாமியில் எண்ணெய்க் கடன் வழக்கில் கப்பலைப் பிடிக்க உத்தரவு காத்திருக்க, ‘கிரிஸ்டல் சிம்ஃபனி’ பாதை மாறி பஹாமாஸின் பிமினிக்குப் போனது. பயணிகளை வேறு படகில் ஏற்றி ஃபுளோரிடா அனுப்பினார்கள். பணியாளர்கள் கப்பலோடு நின்றார்கள். அதே ஆண்டு ஜூனில் ஏ அண்ட் கே நிறுவனம் கிரிஸ்டலின் ‘சிம்ஃபனி’, ‘செரினிட்டி’ என்ற இரண்டு கப்பல்களை வாங்கியது. 2023இல் அவை மீண்டும் ஓடின. புதிய உரிமையாளர்கள் செய்தவற்றில் இரண்டு முக்கியம். ‘செரினிட்டி’யில் ஏறத்தாழ ஆயிரமாக இருந்த பயணிகள் எண்ணிக்கையை 740ஆகக் குறைத்தார்கள். பழைய பணியாளர்களைத் தேடித் தேடித் திரும்ப அழைத்தார்கள், பெரும்பான்மையினர் வந்தார்கள். இரும்பை ஏலத்தில் எடுத்துவிடலாம். கிரிஸ்டல் என்ற பெயருக்கு மதிப்பைத் தந்தது அந்த மனிதர்கள் என்று வாங்கியவர்களுக்குத் தெரிந்திருந்தது.

தமிழ்நாட்டிலிருந்தும் ஓட்டல் மேனேஜ்மென்ட் முடித்த இளைஞர்கள் இந்தக் கப்பல்களுக்குப் போகிறார்கள். வேலை வாங்கித் தருவதற்காக மாலுமியிடமோ கப்பல் பணியாளரிடமோ பணம் வாங்கக்கூடாது என்பது கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின் தெளிவான விதி. ஏஜென்டிடம் இந்தியக் கப்பல் துறைத் தலைமை இயக்ககம் வழங்கும் ஆர்.பி.எஸ்.எல். உரிமம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பாஸ்போர்ட்டைக் கொடுக்க வேண்டும். லட்சக் கணக்கில் கடன் வாங்கிக் கட்டிவிட்டு ஏறும் பையனுக்கு முதல் கான்ட்ராக்ட் முழுவதும் வட்டிக்கே போய்விடும்.

2024 செப்டம்பரில் மத்திய அரசு ‘குரூஸ் பாரத் மிஷன்’ தொடங்கியிருக்கிறது. 2029க்குள் கப்பல் பயணிகளின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்குவது இலக்கு. முனையங்கள் கட்டும்போதே, இந்தியத் துறைமுகத்தைத் தாயகமாகக் கொள்ளும் கப்பல்களுக்கு மூன்று நிபந்தனைகளை விதிக்க முடியும்: ஓட்டல் பிரிவினருக்குக் கான்ட்ராக்ட் ஆறு மாதத்தைத் தாண்டக்கூடாது, வாரத்துக்கு 72 மணி நேரம் என்ற வரம்பைத்தான் பின்பற்ற வேண்டும், சேவைத் தொகை என்று பயணியிடம் வாங்கும் ஒவ்வொரு ரூபாயும் யாருக்குப் போகிறது என்பது பில்லிலேயே அச்சாக வேண்டும். மூன்றாவதை, எந்த அரசும் சொல்லாமலே, ஒரு கம்பெனி நாளைக் காலை தொடங்கிவிடலாம்.