பிரேதச் சீலையில் ஒரு குருவானவர்

17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் குருமார்களைச் செப்புத்தகட்டில் செதுக்குவதற்கு ஒரு வாய்பாடு இருந்தது. முட்டை வடிவச் சட்டம், கறுப்பு அங்கி, வெள்ளைக் கழுத்துப்பட்டை, கீழே பட்டங்களோடு பெயர். பிரசங்க நூல்களின் முகப்பில் இத்தகைய படங்கள் ஏராளம். 1632இல் லண்டனில் வெளியான ‘டெத்ஸ் டூயல்’ நூலின் முகப்புப் படம் அந்த வாய்பாட்டை உதறித் தள்ளியது. அதில் இருக்கும் குருவானவர் பிரேதச் சீலை போர்த்தியிருக்கிறார்.

அவர் கவிஞர் ஜான் டன். லண்டன் புனித பால் பேராலயத்தின் டீன், அதாவது தலைமைக் குரு. 1631 பிப்ரவரியில், நோயால் உருக்குலைந்த நிலையில், மன்னர் முதலாம் சார்லஸின் வைட்ஹால் அரண்மனையில் அவர் ஆற்றிய கடைசிப் பிரசங்கமே இந்நூல். மார்ச் 31 அன்று இறந்தார்.

சாவதற்கு முன் டன் தம் படிப்பறையில் கரியடுப்புகளை மூட்டச் செய்து, பிரேதச் சீலை உடுத்தி, மரத்தாலான தாழியின் மேல் கண்மூடி நின்று தம்மை வரையச் செய்தார் என்று ஐசக் வால்டன் எழுதிய வாழ்க்கை வரலாறு சொல்கிறது. அந்த ஓவியத்தைக் கடைசிவரை படுக்கையருகே வைத்திருந்தாராம். அச்சுப்படத்துக்கு அதுவே மூலம் என்று கருதப்படுகிறது.

செதுக்கியவர் மார்ட்டின் ட்ரோஷவுட். 1623இல் ஷேக்ஸ்பியர் நாடகத் தொகுப்புக்கு முகப்புப் படம் செய்தவரும் இவரே. தலை பெரிது, உடை விறைப்பு என்று அந்தப் படத்தைக் குறை சொல்லாதவர்கள் குறைவு.

செப்புத்தகட்டில் தூரிகையின் குழைவுக்கு இடமில்லை. எஃகு உளியால் கீறிய பள்ளங்களில் மை தங்கும். ஈரத்தாளை அழுத்தினால் கோடுகள் பதியும். நிழல் வேண்டுமானால் கோடுகளை நெருக்க வேண்டும், குறுக்கே வெட்ட வேண்டும். ஒளிக்குத் தாளின் வெண்மையை அப்படியே விட வேண்டும். ட்ரோஷவுட்டின் கை இயல்பிலேயே விறைப்பானது. உச்சந்தலையில் முடிச்சிட்ட சீலையின் மடிப்புகளுக்கும், ஒட்டிய கன்னங்களுக்கும், மூடிய இமைகளுக்கும் அந்த விறைப்பே பொருந்திவிட்டது. ஷேக்ஸ்பியரின் பட்டாடையில் உறுத்திய கோடு இங்கே சாவின் இறுக்கத்தைக் காட்டுகிறது.

வாழ்வின் நடுவிலேயே சாவை அரங்கேற்றிப் பார்ப்பது பரோக் கலையின் தீராத ஆவல். டன்னை நிக்கோலஸ் ஸ்டோன் இதே கோலத்தில் பளிங்கில் வடித்தார். அந்தச் சிலை 1666ஆம் ஆண்டின் லண்டன் பெருந்தீயில் தப்பி, இன்றும் புனித பால் பேராலயத்தில் நிற்கிறது. தாழியில் தீயின் கறை தெரியும். சிலையைக் காண லண்டன் போக வேண்டும். அச்சுப்படமோ நூல் வழியே வாசகரின் கைக்கே வந்தது.

ட்ரோஷவுட்டின் திறமையை எடைபோடுகிறவர்கள் ஷேக்ஸ்பியர் படத்தோடு நின்றுவிடக் கூடாது. அவருடைய ஆகச்சிறந்த வேலை இதுதான்.